பத்து

பீடோங் நாற்றுப்பண்ணையில்
மண் சலிக்கிறேன். ஒரு பைக்கு ஏழு காசு.
ஆற்றோரத்து மண், லோரியில் வரும்;
ஓடு, வேர், பழைய பால்கோப்பைச் சில்லு
எல்லாம் சல்லடையில் தங்கும்.

செவ்வாய்க்கிழமை ஒரு வேர்முடிச்சு தங்கியது.
அதற்குள் ஒன்பது மணி.
எட்டு, மிளகளவு நீலக் கண்ணாடி.
ஒன்று சூதுபவளம், அந்தப் பேர் பிறகு தெரிந்தது,
வெயிலுக்குத் தூக்கினால்
உள்ளே விளக்கு வைத்தமாதிரி சிவப்பு.
நூல் மக்கி எத்தனை நூறு வருஷமோ.
ஓட்டை அப்படியே இருந்தது.
வேர் நுழைந்து பார்த்திருக்கிறது.

"தூக்கிப் போடு, ராக்கம்மா.
மியூசியம்காரன் வந்தால் கயிறு கட்டுவான்.
மூணு மாசம் சம்பளம் கிடையாது"
என்றார் மண்டோர் சவரிமுத்து.

சாயங்காலம் பாஜாக் கடைக்குப் போனேன்,
தாலிக்கொடிக்கு வட்டி கட்ட.
போன கையோடு
கம்பிக்குள் சிவப்பையும் நீட்டினேன்.
தவுக்கே ஒற்றைக்கண் கண்ணாடியில் பார்த்தார்.
உரைகல் பக்கம் கை போகவில்லை.
"பத்து" என்றார்.

பத்து வெள்ளி!
அதற்குள் செலவு பண்ணிவிட்டேன்:
கால்கிலோ நெத்திலி, பையனுக்கு பஸ் காசு.
பிறகுதான் "சாஜா" வந்து விழுந்தது.
பத்து சாஜா. வெறும் கல்.
நாற்பது வருஷமாக மலாய் பேசுகிறேன்,
ஆசை வந்தால் காது தமிழாகிவிடுகிறது.
காகிதத்துக்கு வெள்ளி என்று பேர் வைத்த ஊரில்
கல்லுக்கு என்ன விலை கேட்பது.

போட்டிருந்தவள் யாரோ.
கப்பலில் வந்தவளா,
கரையில் நின்று கப்பலைப் பார்த்தவளா,
இரும்பு உருக்கியவன்
கூலிக்குப் பதில் வாங்கிவந்து தந்ததா.
அவளும் ஒரு தடவையாவது
இதைக் கழற்றி எவன் முன்னாலோ வைத்திருப்பாள்.
அவன் அவள் முகத்தை எடை போட்டிருப்பான்.

மறுநாள் நீலமணி எட்டையும்
எட்டுப் பையில் போட்டு மண் மூடினேன்.
மேலே செம்பனை நாற்று.
வெள்ளிக்கிழமை லோரியேறிப் பகாங் போனது.
ஆயிரம் வருஷம் கழித்துத் தோண்டுகிறவன்
இங்கே ஒரு துறைமுகம் இருந்தது என்று எழுதட்டும்.
மலைக்காட்டில் கொஞ்சநாள்
கடலைத் தேடட்டும்.

சிவப்பை மட்டும் வைத்துக்கொண்டேன்,
கொடி இருந்த இடத்தில்.
ஓட்டைக்கு மஞ்சள் கயிறு நுழையவில்லை;
தூண்டில் நரம்பு வாங்கிக் கோத்தேன்.
குனிந்து சலிக்கும்போது
நெஞ்சில் இடிக்கிறது,
காலையில் சில்லென்று,
மத்தியானம் என் சூட்டில்.