ஐந்தாவது விதி

கிழக்குச் சரிவில் என் நிலம்
மூன்று பாய் விரித்தால் முடிந்துவிடும்.
மாமனாருக்கு ஒரு மலையே இருந்தது,
ஒன்பது மகன்களும் இருந்தார்கள்.

அதனால் காற்றை உழுதோம்.
காலியாய்க் கிடந்த ஆட்டுக்கொட்டிலில்
கயிறு கட்டிப் பைகளைத் தொங்கவிட்டோம்,
ஒன்றின் கீழ் ஒன்றாக.
சோளத்தட்டை நறுக்கி, டிரம்மில் அவித்து,
ஆறியபின் வித்துத் தூவினோம்.
வித்துப் பொட்டலத்தில் ஒரு சிப்பியின் படம்.
எங்களில் எவரும் கடலைக் கண்டதில்லை.
கபாலேயிலிருந்து இரண்டு நாள் பஸ் என்றாள் கொபுசிங்யே;
அவளும் போனதில்லை.

பதினெட்டாம் நாள் பையின் கீறலில்
காது போல ஒன்று எட்டிப் பார்த்தது.

வியாபாரி ப்யாருஹங்கா முன்பெல்லாம்
வாசல் வாசலாக நிற்பார்:
"பக்கத்து வீட்டில் இதைவிடக் குறைவுக்குத் தந்தார்கள்."
பக்கத்து வீட்டிலும் அதையேதான் சொன்னார்
என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு ஆறு வருடம் ஆனது.
இப்போது பதினொரு பேருக்கும் ஒரே தராசு.
அது என் வாசலில் தொங்குகிறது.
கணக்கு நோட்டும் என்னிடம்தான்.
முதல் பக்கத்தில் நான்கு விதிகள்.

மழை மாதத்தில்
நதுகுண்டாவின் பைகளில் பச்சைப் பூஞ்சணம்.
அவள் சொல்லவில்லை.
சாக்கைப் போட்டு மூடினாள்,
கடன்காரர் வரும்போது விளக்கை அணைப்பதைப் போல.
கொட்டில் பொது. அதன் காற்றும் பொது.
நாற்பது பைகளைக் குழி தோண்டிப் புதைத்தோம்.

கூட்டத்தில் அவளை நீக்கச் சொன்னார்கள்.
அவள் கட்டவேண்டிய பள்ளிக் கட்டணம் பற்றி
யாரோ முணுமுணுத்தார்கள்.
கொமுகிஷா மட்டும் கேட்டாள்:
"சொல்லியிருந்தால் நாம் என்ன செய்திருப்போம்?"

வெகுநேரம்
தகரக் கூரையில் மழைதான் பேசியது.

நான் எழுதினேன்:
சொன்னவளின் நட்டம் எல்லோருக்கும்.
மறைத்தவளின் நட்டம் அவளுக்கு.
இன்றிலிருந்து; முன்தேதி கிடையாது.
நதுகுண்டா கையெழுத்துப் போட்டாள்,
என்னுடையதைவிட அழகாக.

இன்று விடியலில் தண்ணீர் தெளிக்கப் போனேன்.
என் மூன்றாம் வரிசை, அடிப்பையில்
நகக்கண் அளவு பச்சை.
வேறு யாரும் வந்திருக்கவில்லை.
சாக்கு கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது.
எவ்வளவு நேரம் அங்கேயே நின்றேன் என்பதை
நோட்டில் எழுதப்போவதில்லை.

பிறகு போய்த் தட்டினேன்,
முதலில் நதுகுண்டாவின் கதவை.
முகம்கூடக் கழுவியிருக்கவில்லை அவள்.
"எத்தனை பை?" என்றாள்,
மண்வெட்டியை எடுத்தபடி.