ரசீது இல்லாத செலவு

திபிலீசியின் வடக்கு ஓரத்தில் கிள்தானி.
எங்கள் கட்டடத்துக்கு ஒன்பது மாடி, ஒரே லிஃப்ட்,
அதன் சுவரில் ஓர் உண்டியல்.
இருபது தெத்ரி விழுந்தால்தான் ஏறும்.
இறங்கக் காசு கேட்காது.
அதனாலேயே பலர் இறங்குவதில்லை.

ஏழாம் மாடி நானுலி
ரொட்டி வாங்க இறங்கினாள்,
திரும்பிப் போகச் சில்லறை இல்லை.
தபால் பெட்டிகளுக்குக் கீழே
மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தாள்,
ரொட்டி மடியில் ஆறிக்கொண்டிருந்தது.
எங்கள் சங்கம் அன்று பிறந்தது.

சங்கம் என்றால் நான்கு பேர்.
வெல்டிங் கடை வஜா, இரண்டு ஆசிரியைகள்,
கணக்கு எழுதும் நான்.
வஜா ஓர் ஊறுகாய் டப்பாவை
பொத்தான்களுக்குப் பக்கத்தில் திருகி மாட்டினான்.
இருப்பவர் போடுங்கள், இல்லாதவர் எடுங்கள்.

முதல் வாரம் டப்பாவையே எடுத்துக்கொண்டார்கள்.
(இல்லாதவர்தானே, என்றான் வஜா.)
இரண்டாவது டப்பாவில் காசு சேர்ந்தது,
கூடவே ஒரு சட்டைப் பித்தான்,
மார்ச் மாதம் பனியில் நனைந்த கையுறை,
இடது கைக்கு மட்டும்.
ஊர் கூடி இழுத்தால் தேர் நகரும்;
எங்கள் தேர் நெட்டுக்குத்தாக நகர்ந்தது.

பக்கத்துக் கட்டடங்களும் கேட்டன.
பதினொரு டப்பா ஆனபோது
கைக்காசு கரைந்து, விண்ணப்பம் எழுதினோம்
ஆண்ட்வெர்ப்பில் உள்ள ஓர் அறக்கட்டளைக்கு.
சமூகச் சிக்கல்களுக்குப் புதுமையான தீர்வு தேடுகிறார்களாம்.

உங்கள் புதுமை என்ன, என்றது படிவம்.
டப்பா, என்று எழுதினேன்.
மீதிக் கட்டம் வெறிச்சென்று கிடந்தது.
அது போதாது என்று ஆசிரியை நாதேலா
இரவெல்லாம் உட்கார்ந்து நிரப்பினாள்:
பரஸ்பர நம்பிக்கையை அடிப்படையாகக் கொண்ட
செங்குத்துப் போக்குவரத்து அணுகல் முன்னெடுப்பு.
வஜா இரண்டு முறை வாசித்துவிட்டுக் கேட்டான்,
இதை எந்தச் சுவரில் மாட்டப் போகிறோம்?

பணம் வந்தது.
ஆறாயிரம் யூரோ, இரண்டு தவணை,
பதினாறு பக்க நிபந்தனை.
ஒவ்வொரு செலவுக்கும் ரசீது.

டப்பாவுக்குப் பக்கத்தில்
நூலில் ஒரு நோட்டுப் புத்தகம் கட்டினோம்:
எடுத்தவர் பெயர், மாடி, கையொப்பம்.
அன்று முழுக்க டப்பா நிறைந்தே இருந்தது.
மாலையில் படிக்கட்டில் மூச்சிரைப்பு கேட்டுக்
கதவைத் திறந்தால்
ஐந்தாம் மாடித் திருப்பத்தில் நானுலி,
கைப்பிடியைப் பிடித்தபடி.
என்னைப் பார்க்காதது போல் நின்றாள்.

நோட்டை அறுத்தேன்.
நூல் நுனி இன்னும் அங்கே ஆடுகிறது.

அக்டோபரில் தணிக்கைக்கு ஒருவர் வந்தார்,
வெர்லிண்டன் அம்மையார்,
கனமான பை, மெல்லிய செருப்பு.
சங்க அலுவலகம் எட்டாம் மாடியில்,
அதாவது என் சமையலறை.
கீழே வெகு நேரம் சத்தமே இல்லை.
பிறகு லிஃப்ட் உறுமியது.
தேநீர் ஊற்றும்போது கவனித்தேன்,
அவர் பணப்பையில் அட்டைகள் மட்டும்தான்.
நான் எதுவும் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.

பயனாளிகள் இருநூற்றுப் பதின்மூன்று,
எப்படி எண்ணினீர்கள்?
ஆட்களை எண்ணவில்லை, கதவுகளை எண்ணினேன்.
ஏதோ எழுதிக்கொண்டார்.
காகிதத்தைக் கவிழ்த்து வைத்தார்.

போகிற வழியில் தெருமுனையில் ஏதோ வாங்கி
மீண்டும் வந்து போட்டிருக்க வேண்டும்:
டப்பாவின் அடியில் இரண்டு யூரோ நாணயம்.
பெரியது, இரண்டு நிறம், பளபளப்பு.
லிஃப்ட் அதை விழுங்காது;
போட்டால் கடகடவென உருண்டு
கீழ் ஓட்டை வழியாக வெளியே வந்துவிடும்.
பிள்ளைகள் போட்டுப் பார்த்துவிட்டார்கள்.
யாரும் எடுத்துக்கொண்டு போகவும் இல்லை.
விரலால் ஒதுக்கிவிட்டு
தங்களுக்கு வேண்டியதைத் தேடுகிறார்கள்.

இரண்டாம் தவணை பற்றி
இன்னும் கடிதம் இல்லை.

இன்று காலை சந்தையிலிருந்து வந்தேன்,
இரண்டு கையிலும் உருளைக்கிழங்கு,
பையைத் துழாவினால் ஒன்றும் இல்லை.
டப்பாவில் அந்த நாணயம், அந்தப் பித்தான்,
மூன்று இருபது தெத்ரிக் காசுகள்.

ஒன்றை எடுத்தேன்.
கணக்கில் எழுதவில்லை.