அங்க அடையாளம்

பயின்னௌங் சந்தையில்
உளுந்துக்குத் தரம் பார்ப்பது என் வேலை.
மூட்டையில் குத்தூசி விட்டு ஒரு பிடி எடுத்தால்
கல் எத்தனை, சொத்தை எத்தனை,
எண்ணாமலே சொல்வேன்.
என் கழுத்தில் இருந்ததை மட்டும்
ஒருநாளும் எண்ணியதில்லை.
டாக்டர் சூ சூ வின் எண்ணினார்: பதினேழு மரு.
இடக்கன்னத்தில் ஒரு மச்சம்,
உளுந்து கனம், முதல் தரம்.

விளக்கு வைத்த லென்ஸால் நெடுநேரம் பார்த்துவிட்டு
"கெட்டது இல்லை" என்றார்.
கெட்டது இல்லை என்பதை
நல்லது என்று எழுதிக்கொள்ள
எங்கள் சந்தையில் வழக்கம் கிடையாது.
என்னை மச்சக்காரி என்றவர்கள் இரண்டு பேர்.
இருவரும் எனக்கு இன்னும் பாக்கி.
எடுத்துவிடுங்கள் என்றேன்.

மரத்துப்போகும் களிம்பு, முக்கால் மணி நேரம்.
கண்ணிமை மேல் குளிர்ந்த இரும்புக் கிண்ணங்கள்.
பிறகு சின்னச் சின்னதாய்ச் சொடுக்கும் சத்தம்,
தீயில் விழுந்த கோழி இறகின் வாடை.
அது நான்தான் என்று
மூக்கு நம்பச் சற்று நேரமாயிற்று.

பதினேழும் போயின.
மச்சம் பாதி போனபோது
கரண்ட் போயிற்று.

இருட்டுக்குள் இன்னோர் இருட்டை மூடிக்கொண்டு கிடந்தேன்.
கீழே ஜெனரேட்டர் கயிற்றை யாரோ
இழுத்தார்கள், திட்டினார்கள், மறுபடி இழுத்தார்கள்.
டாக்டர் என் நெற்றியில் கை வைத்தபடி
மகள் கணக்கில் தோற்ற கதையைச் சொன்னார்.
பாதி மச்சக்காரியாய்
கால் மணி நேரம் இருந்தேன்.

வெயில் ஆகாது. பொருக்கைப் பிய்க்கக் கூடாது.
இரண்டு வாரம் கன்னத்தில் தனக்கா பூசக் கூடாது.
இந்த ஊரில் தனக்கா இல்லாமல் தெருவில் இறங்குவது
ரவிக்கை இல்லாமல் இறங்குவதுபோல.
"யாருக்காக இவ்வளவு செலவு? தனக்கா?"
என்றாள் நாத்தனார் தில்லைநாயகி.
தனக்கா பூசாத முகத்தோடு
தனக்கேதான் என்றேன்.

ஒன்பதாம் நாள் தலையணையில் பொருக்கு கிடந்தது.
எறும்பு என்று தட்டிவிட்டேன்.

அட்டை நினைவுக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.
பெயர்: மா தின் தின் ஏ.
(அஞ்சுகம் என்பது வீட்டுக்குள் மட்டும்.)
ரத்தம்: ஓ.
தெரியும் அடையாளம்: இடக்கன்னத்தில் மச்சம்.
அந்த அட்டையில்
என்னைப் பார்த்து எழுதிய வரி அது ஒன்றுதான்.

பெகு போகும் பஸ்ஸில்
சோதனைச் சாவடிக்கு இரண்டு மைல் முன்னால்
கண்மைப் பென்சிலை எடுத்தேன்.
நாற்பத்தாறு வயதில்
எனக்கு நானே வைத்த திருஷ்டிப் பொட்டு.
பள்ளத்தில் பஸ் குதித்தது.
உளுந்து மொச்சையாயிற்று.

துப்பாக்கி தோளில் தொங்க ஒரு பையன்.
அட்டையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
தன் கன்னத்தைத் தொட்டுக் காட்டினான்:
"ஆன்ட்டி, மை ஒட்டியிருக்கு."
துடைத்தேன்.
தலையாட்டிவிட்டு
அடுத்த இருக்கைக்குப் போனான்.
அந்த வரிவரைக்கும் அவன் படிக்கவில்லை.

பெகுவில் உளுந்து ஈரம்.
நூற்றுக்கு நான்கு கழிவு என்றேன், அவர்கள் இரண்டு என்றார்கள்.
பேரம் நடக்கும்போது வழக்கம்போல
விரல் கன்னத்துக்குப் போயிற்று;
நிரட ஒன்றுமில்லாமல்
கொஞ்சம் நின்றுவிட்டு வந்தது.
மூன்றுக்கு முடித்தோம்.