மஞ்சள் கோட்டின்மேல் ஒரு நாற்காலி

போல்சானோ பணிமனையில் எனக்கு இரவு ஷிஃப்ட்.
பதினோரு மணிக்குமேல் பேருந்துகள் ஒவ்வொன்றாக உள்ளே வரும்.
ஹைட்ரஜன் இடப்பக்கம், பேட்டரி வலப்பக்கம்.
நடுவில் மஞ்சள் கோடு,
கோட்டின்மேல் என் நாற்காலி.

ரோஸ்விதா ஓட்டுவது ஹைட்ரஜன்.
பத்தே நிமிடத்தில் நிரப்பிவிட்டு
கையுறையைத் தட்டிக்கொண்டே வருவாள்:
"இன்னும் சொருகிக்கொண்டுதான் நிற்கிறானா?"
இவானோவின் வண்டி விடியும்வரை
சுவரை விடாது,
பால்குடி மறக்காத கன்றுபோல.

அவனிடமும் ஒரு கணக்கு உண்டு.
அணையில் நூறு பங்கு மின்சாரம் புறப்பட்டால்
அவன் சக்கரத்துக்கு எழுபதுக்குமேல் வந்து சேரும்.
அவளுக்கு முப்பது தேறினால் பெரிது.
மீதி
தண்ணீரைப் பிரித்த இடத்தில் கொஞ்சம்,
வாயுவை நெருக்கிய இடத்தில் கொஞ்சம்,
மறுபடி சேர்த்துவைத்த இடத்தில் நிறைய,
எல்லாம் சூடாகப் போயிற்று.
கைமாறக் கைமாறக் கரையும் காசு.

"அந்தச் சூட்டில்தான் என் பயணிகள்
கோட்டைக் கழற்றி உட்காருகிறார்கள்.
பிரித்துச் சேர்ப்பதில் ஆகும் செலவை
நீயா எனக்குச் சொல்வது?" என்பாள்.
இருவரும் ஒருமுறை விவாகரத்து வாங்கி
நான்கு வருடம் கழித்து
அதே நகராட்சி மேசையில் மறுபடி கையெழுத்திட்டவர்கள்.
அவள் ஜெர்மனில் திட்டுவாள், அவன் இத்தாலியனில்.
எனக்கு இரண்டும் அரைகுறை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய். மைனஸ் பதினாலு.
நிரப்பும் நிலையத்தில் ஒரு சீல் கிழிந்தது.
விலை நாற்பது யூரோ. வந்து சேர ஒன்பது நாள்.
ஆறு வண்டிகள் வெறும் வயிற்றோடு வரிசையில்;
சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்.

மலைமேல் யெனேசியன் தடத்துக்கு இவானோவை அனுப்பினேன்.
ஏற்றம் பாதியைத் தின்றது, ஹீட்டர் மீதியில் கைவைத்தது.
இறக்கத்தில் மலை கொஞ்சம் திருப்பிக் கொடுத்தது,
முழுக் கடனையும் அல்ல.
ஒன்பது சதவீதத்தில் உள்ளே நுழைந்தான்,
விரல்கள் நீலம்.
பயணிகள் பக்கம் ஹீட்டரை விட்டுவிட்டு
தன் பக்கத்தை மட்டும் அணைத்திருந்தான்.

ஓட்ட வண்டியில்லாத ரோஸ்விதா
வலப்பக்கம் வந்து காத்திருந்தாள், முதல் முறையாக.
அவன் கையிலிருந்த கேபிளை வாங்கி
அவளே சொருகினாள்.
எந்த மொழியிலும் ஒன்றும் பேசவில்லை.

பத்தாம் நாள் அவள் வண்டி கிளம்பித் திரும்பியது.
புகைக்குழாய் சொட்டும் நீர் தரையில் பனியாகி
யாராவது வழுக்கிவிடக் கூடாதே என்று
அதன் கீழே நான் எப்போதும் ஒரு வாளி வைப்பேன்.
அன்று ஒரு குவளை குடித்துப் பார்த்தேன்.
ருசியே இல்லை.
தொலைந்த எழுபது பங்கு இதில் எங்காவது இருக்குமா என்று
நாக்கு கொஞ்ச நேரம் தேடியது.

அடுத்த ஆண்டு எந்த வகை வாங்கலாம்?
நகராட்சிப் படிவத்தில் இரண்டு கட்டம், ஒரு டிக்.
கட்டங்களை விட்டுவிட்டு ஓரத்தில் எழுதினேன்:
'பெரும்பாலும் வலப்பக்கம்.
பனி நாளின் மலைக்கு இடப்பக்கம் இரண்டு இருக்கட்டும்.
அதற்கு முன்
ஒரு டஜன் சீல் வாங்கி வையுங்கள்.'

கையெழுத்தின்மேல்
வாளி வைத்த ஈர வளையம்.
வேறு படிவம் இல்லை, அப்படியே அனுப்பிவிட்டேன்.