கையைக் கடிக்கும் முதலை

சவாரி முடிந்தால் வெளியே போக ஒரே வழி
என் கடை.
அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்.
நனைந்த சட்டையும் அலறல் அடங்காத வாயுமாக
பிள்ளைகள் நேரே பொம்மைகளுக்குள் வந்து விழுவார்கள்.
கீழ்த்தட்டை நான்தான் அடுக்குகிறேன்,
தினமும் காலை ஏழரைக்கு, மண்டியிட்டு,
ஏழு வயதின் கண் எங்கே நிற்குமோ அங்கே.
சட்டையில் குத்தியிருக்கும் பெயர்: யாரிட்சா.
ஊர்: போன்சே, போர்ட்டோ ரிக்கோ.
ஆர்லாண்டோவில் இது ஒன்பதாவது கோடை.

பெற்றோரை இப்போதெல்லாம் தூரத்திலேயே தெரிந்துவிடுகிறது.
ஒன்றே ஒன்று என்று தொடங்கி மூன்றில் முடிப்பவர்கள்.
கடைசி நாள் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டு
கடைசி நாளில் மழையைக் காரணம் காட்டுபவர்கள்.
வார இறுதிக்கு மட்டும் பிள்ளை கிடைக்கிற அப்பாக்கள்
விலைச்சீட்டைத் திருப்புவதில்லை,
கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

நேற்று வந்தவர்கள் உறைக்காரர்கள்.
அயோவா என்றது அம்மாவின் தொப்பி.
தலைக்கு ஓர் உறை, உறைக்குள் இருபது டாலர்,
மேலே கட்டை எழுத்தில் பெயர்:
டோபின். மார்னி.
விரலுக்கேற்ற வீக்கம் என்பதை
அவர்கள் ஊரில் எப்படிச் சொல்வார்களோ,
அதை வாசலில் ஒருமுறை சொன்னார் அப்பா.
"தீர்ந்தால் தீர்ந்ததுதான். என்னிடம் வரக் கூடாது."
சொல்லிவிட்டு வெளியே நின்றுகொண்டார்,
பதினான்கு டாலர் லெமனேடை உறிஞ்சியபடி.

டோபினுக்கு முதலை வேண்டும்.
விரலை விட்டால் வாயை மூடிக்கொள்ளும் பச்சை ரப்பர் முதலை.
பத்தொன்பது டாலர் தொண்ணூற்றொன்பது சென்ட்.
மூன்று நாளாகக் கணக்குப் போட்டிருக்கிறான்.
ஒரு சென்ட் மிச்சம் வரும் என்று
விடுதிக் கட்டிலில் படுத்தபடி சொல்லியிருப்பான்.
பட்டையை வருடினேன். திரையில்
இருபத்தொன்று இருபத்தொன்பது.

வரி.
ஏழு வயதுக்கு வரியை எப்படிச் சொல்வது?
விலை என்று எழுதியிருப்பது விலை இல்லை, கண்ணா.
அவன் சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்,
பொய் சொன்னது எது என்று தெரியாமல்.
பின்னால் பதினொரு பேர்.
என் கைக்காசைப் போட்டால் வேலை போகும்,
தலைக்கு மேலே கேமரா.
அப்பா உள்ளே ஓர் அடி வைத்தார்.
அம்மா அவர் முதுகுப்பையின் வாரைப் பிடித்து நிறுத்தினாள்.
உறைகளின் சட்டத்தை எழுதியது யார் என்று
அப்போதுதான் புரிந்தது.

மார்னி பேனா கேட்டாள்.
பத்து வயது இருக்கும்.
அவள் உறையில் எல்லாமே ஒற்றை டாலர்கள்.
இரண்டை எடுத்து வைத்துவிட்டு
தம்பியின் காலி உறையைத் திருப்பி எழுதினாள்:
டோபின் தர வேண்டியது, இரண்டு டாலர்.
"ஒன்று இருபத்தொன்பதுதானே?" என்றேன்.
"வரி," என்றாள்.

மீதி எழுபத்தொரு சென்ட்டையும் அவளே வாங்கிக்கொண்டாள்.

வாசலருகே காசு நசுக்கும் இயந்திரம் இருக்கிறது.
இரண்டு கால் டாலர் அதற்குக் கூலி,
ஒரு சென்ட் நாணயம் அதற்கு இரை.
இரண்டு கையாலும் சக்கரத்தைச் சுற்றினாள்.
நீளமாய், வெதுவெதுப்பாய் விழுந்தது.
முகம் இருந்த இடத்தில் ஒரு வால்.
என்னிடம் கொண்டுவந்து நீட்டினாள்.
"இது இன்னும் காசுதானா?"
"இல்லை. செல்லாக்காசு."
"யாருக்கும் கொடுக்க முடியாதா?"
"முடியாது."
"நல்லது" என்று உறைக்குள் போட்டு,
பதினெட்டு டாலரோடு சேர்த்து,
நாக்கால் நனைத்து ஒட்டினாள்.

வெளியே டோபின்
முதலையை அப்பாவின் விரலில் மாட்டிவிட்டான்.
அவர் ஒழுங்காக "ஆ" என்று கத்தினார்.

இன்று காலை கீழ்த்தட்டில் ஒரு முதலையின் இடம் காலி.
மண்டியிட்டு இன்னொன்றை வைத்தேன்.
விலைச்சீட்டைத் திருப்பி,
கேமராவுக்கு முதுகு காட்டி,
பென்சிலால், பொடி எழுத்தில்,
21.29.