நாலு மணிக்கு ரிப்போர்ட்

நாலு மணிக்குத்தான் ரிப்போர்ட் என்றார்கள்.
அப்போது பதினொன்றரை.
கையிலிருந்த ஊசிக்குழாயை எடுக்கவில்லை,
மேலே பஞ்சு, பிளாஸ்திரி.
"கோட்டைக்குப் போலாம் வா" என்றார் சேட்டு.

பேரணாம்பட்டு பஸ்ஸில்
பத்தொன்பது வருஷமாக இந்த மதிலைப்
பார்த்துக்கொண்டே போயிருக்கிறோம்.
இறங்கினதில்லை.

அகழியில் தண்ணீர் இருந்தது.
காலையில் பாலாற்றுப் பாலத்தில்
மணலும் சீமைக்கருவேலமும்தான்.
ஆறு காய்ந்து கிடக்க
எதிரிக்கென்று வெட்டினது நிறைந்திருக்கிறது.

மியூசியத்தில் டிக்கெட் கிழித்தவர்
என் இடுப்பிலிருந்த ஆஸ்பத்திரி ஃபைலைப் பார்த்தார்.
"மெதுவா பாருங்க, உள்ள பெஞ்சு இருக்கு."
எங்களுக்கு முன்னே ஒரு வங்காளிக் குடும்பம்,
அவர்களிடமும் அதே பச்சை ஃபைல்.
மொட்டைத்தலைப் பையன் ஒருவன்
பீரங்கிக் குண்டைத் தொடப் போய்
அம்மாவிடம் அடி வாங்கினான்.

கல்லுக்கெல்லாம் காலம் எழுதியிருந்தது.
இது ஒன்பதாம் நூற்றாண்டு, அது பதினாறு.
"கட்டி எத்தனை நாளா இருக்கு?" என்று
டாக்டரம்மா கேட்டபோது
ஆளுக்கொரு பதில் சொன்னோம் நாங்கள்.

வாள் ஒன்றின் முன்னால் நின்றுவிட்டார்.
"வெள்ளைக்காரன் வாளாம். உறை நம்மாளு வேலை.
எருமைத்தோல்."
கண்ணாடியில் மூக்கு படக் குனிந்தார்,
ஷூ கம்பெனி கட்டிங் செக்‌ஷனில்
இருபத்திரண்டு வருஷம் குனிந்த அதே குனிவு.
"தையல் பாரு, கோணல். அவசரத்துல தெச்சிருக்கான்.
எவனோ தலைமேல நின்னிருக்கணும்."

நான் தையலைப் பார்க்கவில்லை.
கண்ணாடியில் தெரிந்த
அவர் கழுத்தைப் பார்த்தேன்.

திரும்பும்போது மக்கான் சிக்னலில் அந்தத் தூண்.
ஒரே ராத்திரியில் எழும்பி
விடிந்ததும் செத்த சிப்பாய்களுக்காக வைத்தது.
ஒரு பெயராவது இருக்குமென்று சுற்றி வந்தேன்.
ஆட்டோக்காரன் ஹாரன் அடித்தான்.
இவர் நிழலில் உட்கார்ந்து
பாதி பன்னைத் தின்றார்,
மீதியை எனக்கென்று சட்டைப்பையில் வைத்தார்.

நாலேகாலுக்கு டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள்.
டாக்டரம்மா ஃபைலைப் பிரித்ததும்
டிக்கெட் இரண்டும் மேஜையில் விழுந்தன.
எடுத்துப் பார்த்தார்.
"பதினோரு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன்.
உள்ள போனதே இல்ல. நல்லாருக்கா?"

"ஒரு உறை இருக்கு, பாருங்க" என்றார் இவர்.
"தையல் கோணல். ஆனா விட்டுப்போகல."

டிக்கெட்டுகளை
ஊசிக்குழாய் இருந்த கையில் வைத்துவிட்டு
கண்ணாடியைத் துடைத்தார்,
போட்டுக்கொண்டார்.