ஒரு நகல் குறையுது

கோபாலபுரம் சாவடியில் ஏலம் நடந்த அன்று
மேசை ஏழு, நாற்காலி பதினொன்று,
ஓடாத மின்விசிறி, சிமெண்டுத் தொட்டி ஒன்று
என்று வாசித்தார்கள்.
தொட்டிக்குள் இருந்ததை வாசிக்கவில்லை.

பட்டியலில் இல்லாததை எடுத்தால் திருட்டாங்க
என்று ஏலக்காரரிடம் கேட்டேன்.
"அந்தக் குப்பையா? தாராளமா."
தொட்டியை அவருக்கே விட்டுவிட்டு
மண்ணோடு பிடுங்கி முந்தானையில் கட்டிக்கொண்டு
என் ஜெராக்ஸ் கடைக்கு நடந்தேன்.
நடுவில் ஒரு மாநிலம் முடிந்து இன்னொன்று தொடங்கியது.
யாரும் நிறுத்தவில்லை.

பீடித்துண்டு, குண்டூசி, ரப்பர் பேண்ட்,
பதினைந்து வருஷத்து ஆறிய டீ.
அந்த மண்ணில் இவ்வளவும் இருந்தது.

டீ ஊற்றியது சசீந்திரன் சார்.
டம்ளரில் கடைசி மடக்கு எப்போதும் செடிக்கு,
கடைசி வார்த்தை எப்போதும் டிரைவர்களுக்கு:
"ஒரு கோப்பி குறவாணல்லோ."
திட்டிக்கொண்டே என்னிடம் ஓடிவருவார்கள்.
அந்தக் குறையில்தான்
என் மகள் பி.காம் முடித்தாள்.

பாம்புச்செடி. சாகாது என்பார்கள்.
இலையெல்லாம் சரிந்து கிடந்தது,
கிழங்கை அமுக்கினால்
அழுகின உருளைக்கிழங்கு நாற்றம்.
பேப்பர் வெட்டும் கத்தியால் கறுத்ததைச் சீவச் சீவ
கட்டைவிரல் பருமனில் கெட்டியாக ஒன்று மிஞ்சியது.
அதில் ஒரே ஓர் இலை, மஞ்சள் கரையோடு,
பெட்டி போட்டு மடித்த கசவு முண்டு மாதிரி.
அதை ஒரு பெயிண்ட் டப்பாவில் வைத்தேன்.

மற்ற இலைகளைச் சாண் சாணாக நறுக்கினேன்.
அடி எது நுனி எது என்று மறந்தால் போச்சு,
தலைகீழாய் நட்டது காலத்துக்கும் வேர் விடாது.
ஒவ்வொன்றின் அடியிலும்
ஸ்டாம்ப் பேடு மையில் கைநாட்டு வைத்தேன்.
இரண்டு நாள் மெஷின் மேல் காயப்போட்டேன்,
அதுவும் சூடாகாமல் சும்மாதான் கிடந்தது.
எடைமேடையோரம் லாரிகள் சிந்திய மணலைப்
பால் பாக்கெட்டுகளில் அள்ளிக் குத்திவைத்தேன்.
தண்ணீர் ஊற்றாமல் இருப்பதுதான் வைத்தியம்.
வியாபாரம் இல்லாதவளுக்கு
அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஆடி முழுக்கக் கணவாய்க் காற்று ஷட்டரை உலுக்கியது.
புரட்டாசியில் ஓர் இலையை மெல்ல இழுத்தேன்.
வரமாட்டேன் என்றது.
கார்த்திகையில் மணலைக் கீறிக்கொண்டு முளை,
ஒன்பதில் ஆறு.
ஆறும் வெறும் பச்சை. ஒன்றிலும் கரை இல்லை.
என் மெஷினும் அப்படித்தான்,
கலர் வராது.

தையில் சசீந்திரன் சார் வந்தார்,
கொழிஞ்சாம்பாறை பஸ்ஸில்,
பென்ஷன் காகிதத்துக்கு மூன்று நகல் வேண்டி.
"இது நம்ம செடியா? மஞ்ஞக் கர எவிடே?"

இலையில் எடுத்தால் கரை வராதுங்க சார்,
கிழங்கைப் பிளந்தால்தான் வரும்.

பெஞ்சுக்கடியில் பெயிண்ட் டப்பாவைப் பார்த்தார்.
பழைய இலைக்குப் பக்கத்தில் புதுக்குருத்து,
கோணூசி உயரம், விளிம்பில் லேசாய் மஞ்சள்.
அவர் கேட்கவில்லை.
நானும் எடுத்து நீட்டவில்லை.
பச்சையில் ஒன்றை அவர் பையில் வைத்தேன்.

டீ சொன்னேன்.
கடைசி மடக்கு வந்ததும் கை வழக்கம்போல் சாய்ந்தது,
டப்பாவுக்கு மேல், ஒரு கணம்.
பிறகு தானே குடித்துவிட்டார்.
பஸ் ஹாரன் அடித்தது. ஓடினார்.

தட்டைத் திறந்தால்
மூன்றாவது நகல் உள்ளேயே கிடக்கிறது,
பெயர், பிறந்த தேதி, கைப்பேசி எண்,
மை திட்டான முகம்.

கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.
குருத்து ஒரு சாண் வளரட்டும்.